குழந்தைக்கு வண்ண வண்ணமாய் ஒரு குவில்ட் தைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதன்முறையாகத் தைப்பவர் எந்த அளவில் தொடங்கலாம்?

குவில்ட் என்பது மூன்று அடுக்கை ஒன்றாகத் தைத்த விரிப்பு: மேலே வண்ணச் சதுரங்களை இணைத்த மேல்துணி, நடுவில் பஞ்சுத் தாள், கீழே அடித்துணி. தொடங்க ஏற்ற அளவு 36 இஞ்ச்சுக்கு 36 இஞ்ச் சதுரம். தரையில் விரித்தால் குழந்தை புரள இடம் இருக்கும், மடித்தால் ஒரு பைக்குள் போய்விடும். இன்னொரு காரணமும் உண்டு. பருத்தித் துணி பெரும்பாலும் 42 முதல் 44 இஞ்ச் அகலத்தில் வருகிறது. இந்த அளவுக்கு அடித்துணி ஒரே துண்டாக அடங்கிவிடும், நடுவில் ஒட்டுப் போட வேண்டியதில்லை. 36க்கு 42 செய்தாலும் அதே வசதிதான், சதுரங்களில் ஒரு வரிசை கூடும், அவ்வளவே.

இந்தப் பக்கத்தில் வரும் கணக்கெல்லாம் 6 இஞ்ச் சதுரங்கள் 6 வரிசை, வரிசைக்கு 6 என்று மொத்தம் 36 சதுரங்களுக்கானது.

பிறந்த குழந்தைக்கு இதைப் போர்த்தித் தூங்க வைக்கலாமா?

கூடாது. ஒரு வயது முடியும்வரை தூங்கும் இடத்தில் போர்வை, தலையணை, மெத்தென்ற பொம்மை எதுவும் இருக்கக் கூடாது என்பதே குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2022இல் புதுப்பித்த உறக்கப் பரிந்துரையும் இதையே சொல்கிறது. துணி முகத்தை மூடினால் அதை விலக்கிவிட அந்த வயதில் குழந்தையால் முடியாமல் போகலாம். மெல்லிய துணி என்றால் பரவாயில்லை என்ற விதிவிலக்கும் இதில் இல்லை.

அப்படியானால் குவில்ட் எதற்கு? விழித்திருக்கும்போது தரையில் விரித்துக் குப்புறப் போட்டு விளையாட வைக்க, மடியில் விரித்துக்கொள்ள, பெரியவர் கண்பார்வையில் இருக்கும்போது காலுக்கு மேல் போட. அடுத்தவருக்குப் பரிசாகத் தைக்கிறீர்கள் என்றால் இதை ஒரு சிறு சீட்டில் எழுதி உடன் வையுங்கள். எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்று விட்டுவிடாதீர்கள்.

என்ன துணி, எவ்வளவு வாங்க வேண்டும்?

நெருக்கமாக நெய்த நூறு சதவீதப் பருத்தி. சட்டைத் துணியின் கனம் சரியாக இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் விரல் தெளிவாகத் தெரியும் அளவுக்கு மெல்லிய துணி வேண்டாம், தையலோரம் பிய்த்துக்கொண்டு வரும். ரேயான், சாட்டின், வழுக்கும் சிந்தெடிக் ஆகியவற்றை முதல் வேலையில் தொடாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

மேல்பக்கத்துக்கு ஆறு வண்ணங்கள், ஒவ்வொன்றிலும் முழு அகலத்தில் 30 செ.மீ. வெட்டும் சதுரம் 6½ இஞ்ச், அதாவது 6 இஞ்ச்சோடு தையலுக்காக எல்லாப் பக்கமும் கால் இஞ்ச் கூடுதல். அகலத்தில் ஆறு சதுரம் எடுக்க 39 இஞ்ச் தேவை. கரையை நீக்கி, துவைத்துச் சுருங்கிய பிறகும் 42 இஞ்ச் துணியில் அது மயிரிழையில் அடங்கும், 44 இஞ்ச்சில் தாராளமாக அடங்கும். மிஞ்சும் பட்டையிலிருந்து ஒவ்வொரு வண்ணத்திலும் ஒரு 2½ இஞ்ச் நாடா வெட்டினால், விளிம்பைச் சுற்றி மூடும் ஓரப்பட்டையும் அதிலேயே முடிந்துவிடும். உங்கள் துணியின் அகலம் 42க்கும் குறைவு என்றால் ஒவ்வொன்றிலும் 40 செ.மீ. வாங்கி இரண்டு வரிசையாகச் சதுரம் எடுங்கள், ஓரப்பட்டைக்குத் தனியாக 40 செ.மீ. வேண்டும்.

அடித்துணி 1.2 மீட்டர். நடுவில் வைக்கும் பஞ்சுத் தாள் 40க்கு 40 இஞ்ச். நல்ல பருத்தி நூல் 200 மீட்டர் கண்டு ஒன்று, இணைப்பதற்கும் மேலே தைப்பதற்கும் சேர்த்தே போதும்.

துணியை வெட்டுவதற்கு முன் துவைக்க வேண்டுமா?

குழந்தைக்கு என்றால் ஆமாம், கேள்வியே வேண்டாம். துணியில் ஏற்றியிருக்கும் கஞ்சியும் மிச்சச் சாயமும் போகும். பருத்தி முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் சுருங்கும், அந்தச் சுருக்கமும் முன்கூட்டியே முடிந்துவிடும். ஆறு துணியில் ஒன்று மட்டும் 5 சதவீதம் சுருங்கும் வகையாக இருந்தால், முடிந்த குவில்டைத் துவைத்ததும் அந்த நிறச் சதுரங்கள் மட்டும் இழுத்துப் பிடித்துச் சுற்றிலும் நெளிவு விழும்.

சிவப்பு, கருநீலம், அடர் ஊதா மூன்றையும் தனியே ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் வெந்நீரில் அரைமணி ஊறவிட்டுப் பாருங்கள். நீர் நிறம் மாறினால் மாறாத வரை அலசுங்கள். நாலைந்து முறை அலசியும் விடாத துணியை ஒதுக்கிவிடுவதே மேல். அதன் அழகுக்கு மயங்கிச் சேர்த்தால் முதல் துவைப்பில் பக்கத்து வெள்ளைச் சதுரம் இளஞ்சிவப்பாகிவிடும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

ஃபிளானல் மற்றத் துணிகளைவிட அதிகம் சுருங்கும். அதை இரண்டு முறை துவைத்துக் காயவைத்துப் பயன்படுத்துங்கள்.

வண்ணங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

எத்தனை நிறம் என்பதைவிட வெளிர், நடுத்தரம், அடர்த்தி என்ற மூன்று படிகளும் இருக்கின்றனவா என்பதுதான் முக்கியம். ஆறு துணியும் ஒரே அடர்த்தியில் இருந்தால், மஞ்சள், பச்சை, நீலம் எல்லாம் இருந்தும் தூரத்திலிருந்து ஒரே கலங்கலாகத் தெரியும். துணிகளை அடுக்கிவைத்து ஃபோனில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் ஒன்றிரண்டை மாற்ற வேண்டும்.

எல்லாவற்றிலும் பூ அச்சு வேண்டாம். ஒன்றில் பெரிய அச்சு, இரண்டில் சிறிய அச்சு, ஒன்றில் கோடோ கட்டமோ, இரண்டில் வெறும் நிறம் என்று எடுத்தால் கண் இளைப்பாற இடம் கிடைக்கும். பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 செ.மீ. தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும், அதிலும் இருளும் வெளிச்சமும் அழுத்தமாகப் பிரியும் இடத்தையே அது பார்க்கும். ஆகவே வெளிறிய வண்ணங்கள் மட்டுமே குழந்தைக்கு ஏற்றவை என்பது பெரியவர்களின் ரசனைதான்.

நடுவில் எந்தப் பஞ்சு வைப்பது?

பஞ்சைப் பிய்த்துப் பரப்பக் கூடாது, துவைத்தால் மூலைக்கு மூலை கட்டியாகிவிடும். தாளாகவே வரும் பேட்டிங் வேண்டும். பருத்தி பேட்டிங் தட்டையாக, மூச்சுவிடும்படி இருக்கும். துவைத்ததும் 3 முதல் 5 சதவீதம் சுருங்கி, குவில்டுக்கு அந்தப் பழகிய சிறு நெளிவைக் கொடுக்கும். 80 சதவீதம் பருத்தியும் 20 சதவீதம் பாலியெஸ்டரும் கலந்தது கொஞ்சம் லேசானது, சீக்கிரம் காயும். பாலியெஸ்டர் மட்டும் உள்ளது உப்பலாக இருக்கும். ஆனால் அதன் இழைகள் மேல்துணி வழியாக முடிபோல வெளியே வருவதுண்டு, அயர்ன் சூடும் தாங்காது. முதல் வேலைக்கு மெல்லிய பருத்தி அல்லது 80/20 எடுங்கள். உப்பலானது, துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் ஃபுட்டுக்கு அடியில் அடங்காமல் பாடாய்ப் படுத்தும்.

உறையில் ஓர் எண் இருக்கும்: இரண்டு தையல்வரிகளுக்கு நடுவே அதிகபட்சம் இத்தனை இஞ்ச் இடைவெளி விடலாம் என்று. சில வகைக்கு 3, சில வகைக்கு 8 அல்லது 10. இதைப் படிக்காமல் தைத்தால், இடைவெளி கூடிய இடத்தில் பஞ்சு உள்ளுக்குள்ளேயே நகர்ந்து திரண்டுவிடும்.

என்னென்ன கருவிகள் கட்டாயம் வேண்டும்?

நேர்த்தையல் ஒழுங்காகப் போடும் எந்த மெஷினும் போதும். இணைக்க 80/12 ஊசி, மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்க 90/14. அயர்ன், குண்டூசி, தையல் பிரிக்கும் கருவி, 80 முதல் 100 ஊக்குகள். 45 மி.மீ. சக்கரக் கத்தி, அதற்குரிய வெட்டுப் பலகை, 24 இஞ்ச் ஒளிபுகும் அளவுகோல் மூன்றும் இருந்தால் வெட்டும் வேலை பாதியாகும். அட்டையில் 6½ இஞ்ச் சதுரம் வெட்டிவைத்து, பென்சிலால் வரைந்து கத்தரியால் வெட்டினாலும் சரியாக வரும். நேரம்தான் கூடும். வரையும்போது அட்டையின் ஓரம் தேய்ந்துகொண்டே போகும் என்பதால் பன்னிரண்டு சதுரத்துக்கு ஒருமுறை புது அட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

வாக்கிங் ஃபுட் என்ற இணைப்பு மூன்று அடுக்குகளையும் ஒரே வேகத்தில் நகர்த்தும். ஒரே ஒரு கூடுதல் பொருளுக்குத்தான் செலவழிக்க முடியும் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

சதுரங்கள் ஒன்றோடொன்று பொருந்தவே மாட்டேன் என்கின்றன. ஏன்?

மூன்று இடங்களில் பிழை நுழையும்: வெட்டுவதில், தையலுக்கு விடும் ஓரத்தில், அயர்ன் செய்வதில்.

வெட்டுவது: துணியின் நெடுக்கு நூலும் குறுக்கு நூலும் சதுரத்தின் விளிம்போடு ஒத்துப்போக வேண்டும். கிராஸாக வெட்டிய துண்டு கையில் எடுத்தாலே இழுபடும். வெட்டுவதற்கு முன் துணியை அயர்ன் செய்து, ஒரு பக்கத்தை நேராக்கிவிட்டு அங்கிருந்து அளக்கத் தொடங்குங்கள். இரண்டு அடுக்குக்கு மேல் சேர்த்து வெட்டினால் அடியில் உள்ளது வழுக்கி அளவு மாறும்.

தையல் ஓரம்: கால் இஞ்ச், அதாவது 6 மி.மீட்டருக்கு ஒரு நூல் கூட. இதில் ஒரே ஒரு மி.மீ. அதிகம் பிடித்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒவ்வொரு தையலிலும் இரண்டு பக்கமும் சேர்ந்து 2 மி.மீ. போகும், ஒரு வரிசையில் ஐந்து தையல்கள், ஆக ஒரு செ.மீ. குறையும். அடுத்த வரிசையில் சரியாகத் தைத்திருந்தால் இரண்டு வரிசைகளும் சேரவே சேராது. முதலில் சோதித்துவிடுங்கள். 1½ இஞ்ச் அகலத்தில் மூன்று பட்டைகளை வெட்டி அருகருகே தைத்து அயர்ன் செய்தால் நடுப்பட்டை மிகச் சரியாக 1 இஞ்ச் இருக்க வேண்டும். குறைந்தாலும் கூடினாலும் மெஷின் தட்டில் ஒட்டிய டேப்பை நகர்த்தி மறுபடி சோதியுங்கள். இது சரியான பிறகுதான் நல்ல துணியைத் தொட வேண்டும்.

அயர்ன்: பெட்டியை முன்னும் பின்னும் இழுக்காதீர்கள், தூக்கித் தூக்கி வையுங்கள். இழுத்தால் சதுரம் சாய்சதுரமாகும்.

ஆறு சதுரங்களை இணைத்த வரிசை 36½ இஞ்ச் நீளம் இருக்க வேண்டும். ஒவ்வொரு வரிசையையும் முடித்ததும் அளந்துவிட்டால் பிழை எங்கே என்று உடனே தெரியும். ஆறையும் இணைத்த பிறகு அளப்பவர் தலையில் கைவைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நான்கு மூலைகளும் ஒரு புள்ளியில் கூட என்ன வழி?

முதல் வரிசையின் தையல் ஓரங்களையெல்லாம் வலப்பக்கமாக மடித்து அயர்ன் செய்யுங்கள், இரண்டாவது வரிசையில் இடப்பக்கமாக, மூன்றாவதில் மறுபடி வலப்பக்கமாக. வரிசைகளை முகத்தோடு முகம் வைக்கும்போது எதிரெதிர் மடிப்புகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்பதை விரலால் உணரலாம். அந்த இடத்தில் குண்டூசி குத்தித் தையுங்கள். ஊசிக்கு மிக அருகில் வந்ததும் குண்டூசியை எடுத்துவிடுங்கள், மேலேயே தைத்தால் மெஷின் ஊசி உடையும். தையல் நீளம் 2 முதல் 2.5 மி.மீ.

வெறும் சதுரம் சலிப்பாக இருக்கிறது. முக்கோணம் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் முக்கோணமாக வெட்டித் தைக்காதீர்கள். இரண்டு நிறத்தில் 7 இஞ்ச் சதுரங்களை முகத்தோடு முகம் வைத்து, மூலைக்கு மூலை ஒரு கோடு வரைந்து, அதன் இருபுறமும் கால் இஞ்ச் தள்ளித் தைத்து, பிறகு கோட்டின்மீது வெட்டுங்கள். இருநிறச் சதுரங்கள் இரண்டு கிடைக்கும். அயர்ன் செய்து 6½ இஞ்ச்சுக்கு ஓரம் நறுக்கிவிடலாம். 7 இஞ்ச் சதுரம் அகலத்தில் ஐந்துதான் வரும், துணிக் கணக்கை அதற்கேற்பக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மூன்று அடுக்கையும் சுருக்கம் விழாமல் சேர்ப்பது எப்படி?

குவில்ட் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்தப் படியில்தான், தெரிய வருவது மட்டும் தைத்து முடித்து அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கும்போது.

அடித்துணியை 40 முதல் 41 இஞ்ச் சதுரமாக வெட்டி, நல்ல பக்கம் தரையைப் பார்க்க விரியுங்கள். எதிரெதிர்ப் பக்கங்களாக டேப் போட்டு ஒட்டுங்கள். விறைப்பாக நிற்க வேண்டும், இழுபடக் கூடாது. இழுத்து ஒட்டினால், டேப்பை எடுத்ததும் துணி தன் பழைய அளவுக்குத் திரும்பி மேல்துணியில் சுருக்கம் விழும். தொளதொளவென்று விட்டால் அடியில் மடிப்பு விழும். அதன்மேல் பஞ்சுத் தாள். மடிப்புத் தழும்புகள் இருந்தால் முந்தின இரவே விரித்து வைத்துவிடுங்கள். அதற்கும் மேலே அயர்ன் செய்த மேல்துணி, நல்ல பக்கம் மேலே. நடுவிலிருந்து வெளியே நோக்கிக் கையால் தடவிவிடுங்கள்.

இனி ஊக்கு. நடுவில் தொடங்கி நான்கு இஞ்ச்சுக்கு ஒன்றாக, ஓர் உள்ளங்கையை எங்கே வைத்தாலும் ஓர் ஊக்காவது படும்படி மூன்று அடுக்கையும் சேர்த்துக் குத்துங்கள். எங்கே தைக்கப் போகிறீர்களோ அந்த வரியை மட்டும் விட்டுவிடுங்கள். ஊக்கு இல்லாதவர்கள் நீளமான ஓட்டுத்தையல் போடலாம், நான்கு இஞ்ச் இடைவெளியில் நெடுக்கும் குறுக்குமாக. குத்திய ஊக்குகளை எண்ணி எழுதிவைத்துக்கொள்ளுங்கள். முடித்த பிறகு எண்ணிக்கை ஒத்துப்போகாமல் குவில்ட் குழந்தையிடம் போகக் கூடாது.

மூன்று அடுக்கையும் சேர்த்துப் பிடிக்கும் மேல்தையலை எந்த வடிவத்தில் போடுவது?

மூலைக்கு மூலை குறுக்குக் கோடுகள். ஒவ்வொரு சதுரத்தின் மூலைகள் வழியாகவும் கோடு போவதால் தனியே குறிக்க வேண்டிய வேலை குறைவு. கோடுகளுக்கு நடுவே ஏறத்தாழ 4¼ இஞ்ச் இடைவெளி வரும், பல வகைப் பேட்டிங்குக்கு அது போதும். உங்கள் உறையில் 3 அல்லது 4 என்று போட்டிருந்தால் நடுவில் இன்னொரு கோடு சேருங்கள். இணைப்புத் தையலின் பள்ளத்திலேயே தைப்பது பார்க்க எளிது போலத் தோன்றும். ஒரு நூல் விலகினாலும் அப்பட்டமாகத் தெரியும் என்பதால் புதியவர்களுக்கு அது உகந்ததல்ல.

தையல் நீளம் 3 மி.மீ. முதல் கோடு நடு மூலைவிட்டம், பிறகு அதன் இரு பக்கமும் மாறி மாறி. குவில்டின் கனம் மேசைக்கு வெளியே தொங்கினால் அது ஊசியை இழுத்துத் தையலைக் கோணலாக்கும். பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுத் தாங்க வையுங்கள்.

தைத்துக்கொண்டிருக்கும்போதே அடியில் நூல் கொசகொசவென்று சேர்கிறதே?

பத்தில் எட்டு முறை மேல்நூலைக் கோத்ததில்தான் தவறு. ஃபுட்டைக் கீழே இறக்கிவைத்துக்கொண்டு நூல் கோத்தால் அது நூலின் இறுக்கத்தைக் கட்டுப்படுத்தும் டென்ஷன் தட்டுகளுக்குள் போகாது. ஃபுட்டைத் தூக்கி மறுபடி கோத்துப் பாருங்கள். ஒவ்வொரு வரியும் தொடங்கும்போது இரண்டு நூல் முனைகளையும் பின்னால் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் ஊசியை மாற்றுங்கள், பாபின் அறையில் அடைந்த பஞ்சைத் தட்டுங்கள். டென்ஷன் திருகை அதற்கப்புறம் தொடலாம்.

மெஷின் இல்லை. கையால் முடியுமா?

தாராளமாக. இணைப்பதற்குக் கால் இஞ்ச் கோடு வரைந்துகொண்டு சிறு ஓட்டுத்தையல், இரண்டு இஞ்ச்சுக்கு ஒருமுறை ஒரு பின்தையல். மேல்தையலுக்கு 9 அல்லது 10ஆம் எண் குட்டை ஊசி, விரலுறை, வட்டச் சட்டம். நூல் 45 செ.மீட்டருக்கு மேல் வேண்டாம், முறுக்கிக்கொள்ளும். இஞ்ச்சுக்கு ஆறு தையல் வந்தால் நல்லது. ஆனால் எண்ணிக்கையைவிட எல்லாத் தையலும் ஒரே நீளத்தில் இருப்பதுதான் கண்ணுக்கு அழகு. தொடக்க முடிச்சை மேல்துணியின்மீது வைத்துச் சுண்டி இழுத்தால் 'டப்' என்று உள்ளே போய்ப் பஞ்சில் தங்கிவிடும்.

தைப்பதற்குப் பதில் அங்கங்கே நூலால் முடிச்சுப் போட்டு விடும் முறையும் உண்டு. வெளியே நிற்கும் நூல் முனைகளைக் குழந்தை பிடித்து இழுக்கும், வாயில் வைக்கும். குழந்தை குவில்டுக்கு அது வேண்டாம்.

ஓரப்பட்டை போடும் முறையை ஒழுங்காகச் சொல்ல முடியுமா?

முதலில் விளிம்புகளை நேராக நறுக்கிக்கொள்ளுங்கள், நான்கு மூலையும் செங்கோணமாக. சுற்றளவு சுமார் 146 இஞ்ச். இணைப்புக்கும் மூலைக்கும் சேர்த்து 156 இஞ்ச்சுக்குக் குறையாமல் பட்டை வேண்டும். 2½ இஞ்ச் நாடாக்கள் ஐந்தைச் சாய்வாக இணையுங்கள். நேராக இணைத்தால் அந்த இடத்தில் தடிப்பாக முட்டும். பிறகு நீளவாக்கில் இரண்டாக மடித்து அயர்ன் செய்யுங்கள்.

மேல்பக்கத்தில், ஒரு பக்கத்தின் நடுவில் தொடங்குங்கள். பட்டையின் வெட்டு விளிம்பும் குவில்டின் விளிம்பும் ஒன்றாக இருக்கட்டும், முதல் 8 இஞ்ச்சைத் தைக்காமல் விட்டுக் கால் இஞ்ச் ஓரத்தில் தையுங்கள். மூலைக்குக் கால் இஞ்ச் முன்பே நிறுத்திப் பின்தையல் போட்டு வெளியே எடுங்கள். பட்டையை மேல்நோக்கி 45 பாகையில் மடித்து, அப்படியே அடுத்த விளிம்போடு ஒத்துப்போகும்படி கீழே மடித்து, மேல்விளிம்பிலிருந்து மறுபடி தொடங்குங்கள். கால் இஞ்ச் முன்பே நிறுத்த மறந்தால் மூலை மடியாது. அது மட்டும்தான் இங்கே ரகசியம்.

தொடங்கிய இடத்துக்கு 10 இஞ்ச் இருக்கும்போது நிறுத்துங்கள். இரண்டு முனைகளையும் விளிம்போடு படுக்கவைத்து, ஒன்றின்மேல் ஒன்று 2½ இஞ்ச், அதாவது பட்டையின் அகலமே ஏறியிருக்கும்படி வெட்டிவிட்டு, மடிப்பை விரித்து, செங்குத்தாக வைத்துச் சாய்வாகத் தைத்தால் அளவு கச்சிதமாக வரும். மிச்சத்தைத் தைத்து, பட்டையைப் பின்பக்கம் புரட்டி ஹெம்மிங் செய்யுங்கள். வாரம் இரண்டு முறை துவைக்கப்போகும் குவில்ட் என்றால் கையால் செய்வதைவிட மெஷின் தையலே உறுதி. அழகில் கொஞ்சம் குறையலாம், பரவாயில்லை.

பொத்தான், குஞ்சம், சலங்கை வைக்கலாமா?

எதுவும் வேண்டாம். பல் முளைக்கும் குழந்தை எல்லாவற்றையும் கடித்துப் பிய்க்கும், பிய்ந்தது தொண்டையில் சிக்கும். அலங்காரம் வேண்டுமென்றால் தட்டையான அப்ளிக் (வெட்டிய துணி வடிவத்தை மேலே வைத்துத் தைப்பது), அதன் விளிம்பு முழுவதும் நெருக்கமான தையல்.

பழைய உடைகளை வெட்டிப் பயன்படுத்தலாமா?

பருத்திச் சட்டை, படுக்கை விரிப்பு எல்லாம் நன்றாக இருக்கும், பலமுறை துவைத்ததால் சுருக்கமும் சாயமும் முன்பே முடிந்திருக்கும். முழங்கை, இருக்கைப் பகுதி போல இற்றுப்போன இடங்களைத் தவிருங்கள். பனியன் துணி இழுபடும். அயர்ன் செய்தால் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய கேன்வாஸைப் பின்பக்கம் ஒட்டிவிட்டு, அதன் பிறகே சதுரம் வெட்டுங்கள்.

துவைப்பதும் பழுது பார்ப்பதும்?

முதல் துவைப்பு தனியாக, குளிர்ந்த நீரில், மணமில்லாத மென்மையான சோப்பில். குளோரின் பிளீச் வேண்டாம், துணியை மென்மையாக்கும் திரவமும் வேண்டாம். கொடியில் ஒரு முனையைப் பிடித்துத் தொங்கவிட்டால் ஈரக் கனம் தையலை இழுக்கும். இரண்டு கொடிகளின்மேல் பரப்பி நிழலில் காயவையுங்கள். காய்ந்ததும் அளந்தால் 34 அல்லது 35 இஞ்ச்சாகக் குறைந்திருக்கும். பஞ்சு சுருங்கியதுதான் காரணம், தவறு எதுவும் நடக்கவில்லை.

ஒரு சதுரம் கிழிந்தால் பிரிக்க வேண்டாம். அதே அளவைவிட எல்லாப் பக்கமும் கால் இஞ்ச் கூடுதலாகப் புதுத்துணி வெட்டி, ஓரங்களை உள்ளே மடித்து அயர்ன் செய்து, கிழிந்த சதுரத்தின்மேலேயே வைத்து ஹெம்மிங் செய்துவிட்டு, பழைய மேல்தையல் கோட்டை அதன்மீதும் தொடர்ந்து தைத்துவிடுங்கள். இதற்காகவே துணி வாங்கும்போது ஒவ்வொரு வண்ணத்திலும் ஒரு கைக்குட்டை அளவாவது கூடுதலாக வாங்கி எடுத்துவையுங்கள். குவில்டைத் துவைக்கும்போதெல்லாம் அந்தத் துண்டுகளையும் சேர்த்துத் துவைத்துவந்தால் ஒட்டும்போது நிறம் வேறுபட்டுத் தெரியாது.